இரண்டு டெலிபோன் அக்காக்கள்

எழுத்தாளரம்மாவின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய கணவர். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது என்று பிற்பாடு அம்மாவே சொல்வார்.

கோழி கிளறிய மாதிரி எழுதுவார். அவசரமாக எழுதினால் அவருக்கே புரியாது. ஞாயிறும் திங்களும் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஓர் அத்தியாயத்தை முடிப்பார். பள்ளிக்கூட வாத்தியாரான கணவர் மாலையில் வந்து, கை கால் கழுவிக்கொண்டு, முத்து முத்தான எழுத்தில் அதை நகல் எடுப்பார். மறுநாள் சைக்கிளில் போய் வாரப்பத்திரிகை ஆபீசில் கொடுத்துவிட்டு வருவார். வியாழக்கிழமை கதை வெளிவரும். இப்படி இருபத்திரண்டு வருஷம்.

நகல் எடுக்கும்போது வாத்தியாருக்குக் கை சும்மா இருக்காது. அம்மா 'ஆனாலும்' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'ஆயினும்' என்று போட்டுவிடுவார். அம்மா கண்டுபிடித்து அதைக் கோடு போட்டு அடிப்பார்.

"பஸ் கண்டக்டர் படிக்கிற கதைங்க இது. எந்தக் கண்டக்டராவது ஆயினும்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

"இலக்கணம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கட்டுமே. அது பாட்டுக்கு ஓரமா இருக்கட்டும்."

இருபத்திரண்டு வருஷமும் இந்தச் சண்டையில் யாரும் ஜெயிக்கவில்லை.

அம்மா எழுதியதெல்லாம் ஒரே கதாநாயகியைப் பற்றித்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒயரைச் செருகி லைன் கொடுக்கிற ஒருத்தி. கல்யாணம் ஆகாதவள், காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. கலப்பட மருந்து விற்கிறவன், பொய் உயில் எழுதுகிறவன், இரண்டு வீடு வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் ஒரே பொய்யைச் சொல்கிறவன் எல்லாரும் அவள் காதில் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். வாசகர்களுக்கு அவள் 'டெலிபோன் அக்கா'. வியாழக்கிழமை சலூனில் ஒருவர் உரக்கப் படிக்க, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு மற்றவர்கள் கேட்பார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள் ஒரே பிரதியை வார்டு வார்டாக மாற்றிக்கொள்வார்கள். பெரிய படிப்பாளிகளும் படித்தார்கள். என்ன, மேலே வேறு புத்தகத்தை வைத்து மறைத்துக்கொண்டு படித்தார்கள்.

நாட்டில் சண்டை வந்தது. ஆறே மாதத்தில் நகரம் கைமாறியது. வெளியிலிருந்து வந்த ராணுவம் முதல் வேலையாக டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பிடித்தது, அடுத்து பத்திரிகை ஆபீசுகளை. மடிப்புக் கலையாத உடுப்போடு ஓர் அதிகாரி பத்திரிகை ஆசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போட்டார். அடுத்த வாரக் கதையில், ராணுவத்துக்கு எதிராகச் சிலர் போனில் பேசுவதை டெலிபோன் அக்கா ஒட்டுக்கேட்க வேண்டும். கேட்டு, அதிகாரியிடம் போய்க் காட்டிக்கொடுக்க வேண்டும்.

"ஒரே ஒரு அத்தியாயம்தானே அம்மா," என்றார் ஆசிரியர் கையைப் பிசைந்துகொண்டு. "எழுதிக் கொடுத்துட்டா விட்டுடுவாங்க."

"சரி, எழுதறேன்."

எழுதினார். அந்த அத்தியாயத்தில் அக்கா ஒட்டுக்கேட்டது அதிகாரியின் போனைத்தான். ஆஸ்பத்திரி மருந்தை மூட்டை மூட்டையாக ஒரு வியாபாரிக்குத் தள்ளிவிடுவது பற்றி அவர் பேசிக்கொண்டிருக்கிறார். அக்கா இருக்கிற ஒயரையெல்லாம் எடுத்துச் செருகி, நகரத்தில் உள்ள முந்நூறு போனுக்கும் அந்தப் பேச்சை ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறாள்.

வாத்தியார் நகல் எடுத்தார். அன்றைக்கு ஒரு திருத்தம்கூடச் செய்யவில்லை.

"இதை நான் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன்."

"வேண்டாம். நானே கொடுக்கறேன்."

இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் ஆசிரியர் அதைப் படித்துப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பிவிட்டார். ராணுவம் விழித்துக்கொண்டு வண்டியோடு வருவதற்குள் பாதிப் பிரதிகள் கடைக்குப் போய்விட்டன. மத்தியானத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று அச்சக ஃபோர்மேன் ஆள் அனுப்பினார்.

வாத்தியார் கிளம்பவில்லை. "ரெண்டு வாரத்துல எல்லாம் அடங்கிடும். வீட்டை யார் பார்க்கறது? நீ போய் இரு. நான் பேசிப் பார்க்கறேன்."

கிளம்பியது அவருடைய தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் அவர்களோடே இருந்தவர், ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இஸ்திரி போடும் வேலை. இரண்டு மாற்றுத்துணியைப் பையில் திணித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணியைத் தனியா அனுப்ப முடியாது. இவங்களுக்கு வழி கேட்கத் தெரியாது, சண்டை போடத்தான் தெரியும்."

இந்த நாத்தனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அண்ணி எழுதிய ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை. கேட்டால், "வீட்டுல நாள் பூரா இவங்க பேசறதைக் கேட்கறேன். அதை அச்சுல வேற பார்க்கணுமா?" என்பார்.

இரண்டு பேரும் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் லாரியில் உட்கார்ந்து எல்லையைத் தாண்டினார்கள். ஒரு மாசத்துக்கு உடம்பிலிருந்து வெங்காய வாசனை போகவில்லை என்று நாத்தனார் சொல்வார்.

அகதிகள் வந்து சேர்ந்த அந்த ஊரில்தான் நான் அவர்களைப் பார்த்தேன். நானும் ஓர் அகதி. எங்களுக்கென்று ஒரு குழு இருந்தது, அந்தக் குழுவுக்கு ஒரு ரேடியோ நிலையம் இருந்தது. அதை இயக்குவது என் வேலை.

நாத்தனாருக்கு வந்த மூன்றாம் நாளே லாண்டரியில் வேலை கிடைத்துவிட்டது. கடைக்கு மேலேயே ஓர் அறை. கீழே கொதிக்கிற நீராவி தரைப்பலகை இடுக்கு வழியாக மேலே வரும். சுவர் எப்போதும் வியர்த்திருக்கும். காகிதம் நமுத்துப் போய் மை ஊறும். அதனால் அம்மா பென்சிலுக்கு மாறினார். அவருக்கும் லாண்டரிக்காரர் ஒரு வேலை கொடுத்தார், சட்டைக் காலரில் அழியாத மையால் நம்பர் எழுதுகிற வேலை. அவர் கையெழுத்தில்! ஒரே வாரத்தில் பதினேழும் எழுபத்தொன்றும் இடம் மாறி, குண்டான ஒரு வக்கீலுக்கு ஒல்லியான ஒரு வங்கி குமாஸ்தாவின் சட்டை போய்ச் சேர்ந்தது. லாண்டரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு அவரைப் பட்டன் தைக்க மாற்றினார்.

பட்டன் தைக்கிற கை, எழுதாமல் இருக்குமா? குழுவின் ஆபீசுக்கு வந்தார். பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி அது. இலக்கியப் பிரிவுக்குத் தலைவர் ஒரு பேராசிரியர். அன்றைக்கு நான் அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கும் ஏதாவது வேலை கொடுங்க சார். எழுதத் தெரியும்," என்றார் அம்மா.

"தெரியும், தெரியும். என் வகுப்புப் பெண்கள் பாடப்புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வெச்சுப் படிச்சாங்க." பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது போர்க்காலம் அம்மா. இப்ப நமக்குத் தேவை கனமான எழுத்து."

"கனமானதைத் தூக்கிட்டு ஓட முடியுமா சார்? லாரியில வந்தவ கேக்கறேன்."

நான் சிரித்துவிட்டேன். பேராசிரியர் என்னை முறைத்தார். வேலை கிடைக்கவில்லை. படி இறங்கும்போது அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க என் கதை படிச்சிருக்கீங்க போலிருக்கே," என்றார். "படிக்கல, சலூன்ல கேட்டிருக்கேன்," என்றேன். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

நான்காவது மாசம் அது நடந்தது. எல்லை தாண்டி வந்த யாரோ, அம்மா எழுதிய அதே வாரப்பத்திரிகையின் புது இதழில் எதையோ பொதிந்து கொண்டுவந்திருந்தார்கள். பொதி பிரிந்தது, பத்திரிகை கைக்குக் கை போனது. காலையில் ரொட்டிக்கு வரிசையில் நின்ற அம்மாவிடம், முன்னால் நின்றிருந்த ஒரு நர்ஸ் திரும்பி அந்தக் கசங்கிய பக்கத்தை நீட்டினாள்.

"இது நீங்கதானே?"

அவர் போட்டோ. அவர் பெயர். 'டெலிபோன் அக்கா தொடர்கிறாள்' என்ற தலைப்பு. கதையில் அக்கா ராணுவத்துக்கு உளவு சொல்கிறாள், அதிகாரி அவளுக்கு நன்றி சொல்கிறார்.

"என் தம்பி லைன்மேன்," என்றாள் நர்ஸ். குரலை உயர்த்தவில்லை. "யாரோ போன்ல ஒட்டுக்கேட்டுக் காட்டிக்கொடுத்து அவனைப் பிடிச்சுட்டுப் போனாங்க. எங்க வெச்சிருக்காங்கன்னு தெரியல. அந்த வேலையை நீங்க அக்காவை விட்டுச் செய்ய வைக்கறீங்க. பெருமையா வேற எழுதறீங்க."

"இதை நான் எழுதல."

"உங்க பேரு இருக்கு. போட்டோ இருக்கு. அக்காவும் இருக்கா. இன்னும் என்ன வேணும்?"

வரிசை முழுக்க அவரையே பார்த்தது. வேறு யாராவது இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பார்கள். அம்மா குத்துக்கல் மாதிரி தன் இடத்தில் நின்றார். அவர் முறை வந்தது, ரொட்டியை வாங்கினார், அதற்கப்புறம்தான் நகர்ந்தார். "நான் போயிருந்தா, எழுதினது நான்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகியிருக்கும்," என்று பிறகு சொன்னார்.

லாண்டரி மாடிக்கு வந்து கதையைப் படித்தார். இரண்டாவது பத்தியிலேயே ஓர் 'ஆயினும்'. அடுத்த பக்கத்தில் மூன்று. அக்காவுக்கு அடுத்து என்னென்ன நடக்க வேண்டும் என்று அவர் மேசை டிராயரில் எழுதி வைத்துவிட்டு வந்த குறிப்புகளும் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன. அந்தக் குறிப்புகளைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தானே?

நாத்தனார் இஸ்திரி மேசையிலிருந்து மேலே வந்தபோது அம்மா பத்திரிகையை அவரிடம் நீட்டினார்.

"படி."

"நான் எதுக்கு அண்ணி இதையெல்லாம்..."

"இன்னைக்கு மட்டும் படி."

உதடு அசைய, எழுத்துக் கூட்டுகிற மாதிரி நாத்தனார் மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தார்.

"இது அண்ணன்."

"எப்படிச் சொல்றே? நீ என் கதையைப் படிச்சதே இல்லையே."

"உங்க கதையைப் படிச்சதில்ல. அண்ணன் பேசறதைப் பிறந்ததுல இருந்து கேட்கறேன். தப்பு செஞ்சுட்டா உடனே நல்ல தமிழ்ல பேச ஆரம்பிச்சுடுவான். சின்ன வயசுல என் பென்சிலை ஒடிச்சுட்டு, 'அது தானாகவே முறிந்தது'ன்னு அப்பாகிட்ட சொன்னவன் அவன்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் நாத்தனார் அழுதார். அம்மா அழவில்லை. பென்சிலைத் தேடி எடுத்துச் சீவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் குழு கூடியது. துரோகி என்ற பேச்சு ஏற்கனவே எழுந்துவிட்டது. பேராசிரியர் ஒரு மறுப்பு அறிக்கை தயார் செய்து வைத்திருந்தார். அதை ரேடியோவில் அம்மா வாசித்தால் விஷயம் முடிந்தது என்பது அவர் எண்ணம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைக் கடைசிவரை படித்தார்.

"சார், இதுல ரெண்டு ஆயினும் இருக்கு. நான் இதை வாசிச்சா, இதையும் நான் எழுதலைன்னுதான் ஜனங்க நினைப்பாங்க."

"விளையாட்டுக்கு நேரமில்லை அம்மா. வாசிப்பீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன். மறுப்பு அறிக்கையை யார் சார் உட்கார்ந்து கேட்பாங்க? கதையைக் கேட்பாங்க. எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்க. வியாழக்கிழமை. அக்கா என்னோடதா, அவங்களோடதான்னு பார்த்துடுவோம்."

"குண்டு விழுந்துக்கிட்டிருக்கு, நீங்க டெலிபோன் கதை சொல்லப் போறீங்களா?"

"குண்டு போடறவனே டெலிபோன் கதைதான் எழுத வைக்கறான். அவனுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலையே!"

நான் கையைத் தூக்கி, "என் நேரத்துல பத்து நிமிஷம் கொடுக்கறேன்," என்றேன். எது நடந்தாலும் தான் பொறுப்பில்லை என்று பேராசிரியர் எழுதி வாங்கிக்கொண்டார்.

எங்கள் ரேடியோ நிலையம் ஒரு செருப்புக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஆணியடித்து வைத்திருந்தேன். சாயங்காலம் ஆறரைக்குச் செய்தி, காணாமல் போனவர்கள் பட்டியல், இரண்டு பாட்டு, பேராசிரியர் உரை. எல்லைக்கு அந்தப் பக்கம் யாராவது கேட்கிறார்களா என்பது எங்களுக்கே தெரியாது.

வியாழக்கிழமை அம்மா வந்து மைக் முன்னால் உட்கார்ந்தார். வணக்கம் சொல்லவில்லை, தான் யார் என்றும் சொல்லவில்லை. நேராக ஆரம்பித்தார்:

"அன்னைக்குக் காலையில அக்கா வேலைக்குப் போனா. அவ நாற்காலியில ஏற்கனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தா. யாருன்னு பார்த்தா, அக்காவேதான்."

அதே கொண்டை, அதே கண்ணாடி, அதே குரல். நாற்காலியில் இருப்பவள் போனை எடுத்து, 'தாங்கள் சற்றே காத்திருக்கவும், ஆயினும் தங்கள் பெயரையும் முகவரியையும் தெரிவிக்கவும்' என்கிறாள். உண்மையான அக்கா வாசலிலேயே நின்று கேட்கிறாள். அவளுக்கு விளங்கிவிடுகிறது. இவள் லைன் கொடுக்க வந்தவள் இல்லை, ஆள் பிடிக்க வந்தவள். சத்தமில்லாமல் திரும்பி நடந்து, எல்லையோரத்து டீக்கடை ஒன்றில் இருக்கிற போனை எடுத்து, ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பிக்கிறாள்: 'நான்தான் பேசறேன். எக்ஸ்சேஞ்சுல இருக்கறவ நான் இல்ல. அவகிட்ட எதையும் சொல்லிடாதீங்க.'

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். பதின்மூன்று நிமிஷம். பேராசிரியர் உரையில் மூன்று நிமிஷம் போயிற்று. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. அம்மா வியாழன்தோறும் வந்து அடுத்த அத்தியாயத்தைச் சொல்லிவிட்டுப் பட்டன் தைக்கப் போய்விடுவார். நான்காவது வாரம், நடந்தே எல்லை தாண்டி வந்த ஒரு குடும்பம் செய்தி கொண்டுவந்தது. அங்கே இப்போது உளவாளிக்குப் பெயர் 'ஆயினும்'. கடைத்தெருவில் சந்தேகப்படும்படி ஒருவன் வந்தால், "ஆயினும் வர்றான், பேச்சை மாத்து" என்கிறார்களாம். ராணுவம் ஒட்டிய சுவரொட்டிகளுக்குக் கீழே யாரோ கரித்துண்டால் அந்த ஒரே சொல்லை எழுதி வைக்கிறார்களாம். அதைத் தடை செய்யவும் வழியில்லை. அவர்கள் போடுகிற அறிவிப்பிலேயே அந்தச் சொல் பத்து இடத்தில் இருக்கிறது.

அன்றைக்கு அந்த நர்ஸ் லாண்டரிக்கு வந்தாள். பட்டன் அறுந்த கோட்டு ஒன்றை நீட்டினாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

"அடுத்த வாரம் அக்கா எங்கிருந்து பேசுவா?"

"எனக்கே இன்னும் தெரியாது," என்றார் அம்மா ஊசியில் நூலைக் கோத்தபடி. "உன் தம்பியைப் பத்திச் சொல்லு. அவன் கம்பத்துல ஏறும்போது என்ன பாட்டுப் பாடுவான்?"

அடுத்த அத்தியாயத்தில் ஒரு லைன்மேன் வந்தான். கம்பத்து மேலே பாடிக்கொண்டே இருந்தான்.

ஐந்தாவது மாசம், எல்லை தாண்டி வந்த ஒருவர் கையில் கடிதம் வந்தது. முத்து முத்தான எழுத்து. அம்மா அதை என்னிடம் காட்டினார். 'நிறுத்திவிடு. உன் பெயர் அழியாமல் காத்தவன் நான். நான் மறுத்திருந்தால் வேறொருவன் எழுதியிருப்பான். உன் அக்காவை இன்னும் கேவலப்படுத்தியிருப்பான். பத்திரிகை ஆபீசுக்கு நான் போய் வருவதை ஊரே பார்க்கிறது. இப்போது தெருவில் என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். வகுப்பில் கரும்பலகையில் எழுதி வைக்கிறார்கள். நீ நிறுத்தாவிட்டால் என்னை என்ன செய்வார்களோ தெரியாது. ஆயினும் உன்மேல் எனக்குக் கோபமில்லை.'

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே கடிதத்தைப் படித்தார். கீழே கிடந்த சட்டை கருகியது.

"நிறுத்திடுங்க அண்ணி."

அம்மா கருகிய சட்டையை எடுத்து உதறினார். பிறகு சொன்னார்: "உன் கூடப் பிறந்தவர். நீ நிறுத்துன்னா நிறுத்தறேன். ஆனா ஜனங்ககிட்ட அதை நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு, இனிமே கதை கிடையாதுன்னு."

வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். நாத்தனார் மைக் முன்னால் உட்கார்ந்தார். சுருட்டிய அத்தியாயத்தைக் கையில் பிடித்தபடி அம்மா சுவரோரம் நின்றார். நான் சைகை காட்டினேன். நாத்தனார் வாயைத் திறக்கவில்லை. ரேடியோவில் அரை நிமிஷ மௌனம் என்றால் அது ஒரு யுகம். என் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. அப்போதுதான் பேசினார்.

"நான் இவங்க நாத்தனார். பத்திரிகையில இவங்க பேர்ல எழுதறது என் அண்ணன். இதை நான் சொல்லக்கூடாது, ஆனா சொல்றேன்." மூச்சு வாங்கினார். "அண்ணா, நீ கேட்டுக்கிட்டிருப்பேன்னு தெரியும். நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தே. அதைச் சொல்லத்தான் வந்தேன். இங்க ரொட்டி வரிசையில எனக்கு முன்னாடி ஒரு நர்ஸ் நிக்கறா. அவ தம்பியைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. தினமும் அவ முதுகைப் பார்த்துக்கிட்டு நான் நிக்கறேன். உனக்கு ஒண்ணு ஆயிடுமோன்னு நான் பயப்படற மாதிரிதானே அவளும்? அண்ணி நிறுத்த வேண்டாம். நீ நிறுத்து. காய்ச்சல்னு படு. கை முறிஞ்சுதுன்னு சொல்லு. எதையாவது சொல்லு. இதுக்கு மேல அவங்களுக்கு எழுதாதே."

எழுந்து, நாற்காலியை அம்மா பக்கம் தள்ளினார். "படிங்க அண்ணி. நேரமாகுது."

அம்மாவின் குரல் அன்றைக்கு முதல் இரண்டு வரியில் தடுமாறியது. மூன்றாவது வரியில் சரியாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பத்திரிகை கைக்கு வந்தபோது தொடர்கதை நின்றிருந்தது. சும்மா நிற்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் மின்சாரம் தாக்கி டெலிபோன் அக்கா இறந்தாள் என்று வேறு யாரோ உப்புச்சப்பில்லாமல் முடித்திருந்தார்கள். பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு, வெளியூரில் நோய்வாய்ப்பட்டு எழுத்தாளர் காலமானார் என்று ஓர் அஞ்சலி. அம்மா அதை ரேடியோவில் வரிக்கு வரி வாசித்தார். நடுநடுவே திருத்தமும் சொன்னார்.

"வயசை ரெண்டு வருஷம் கூட்டிப் போட்டிருக்காங்க. செத்ததுகூடப் பரவாயில்ல, இதை மன்னிக்க முடியாது."

அந்த வாரக் கதையில் அக்கா தன்னுடைய இரங்கல் கூட்டத்துக்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் யார் என்னென்ன பொய் சொல்கிறார்கள் என்று கேட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பேராசிரியர் வந்து நின்றிருந்தார். சிரித்தாரா இருமினாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சண்டை இன்னும் இரண்டு வருஷம் இழுத்தது. ஒரு வியாழக்கிழமைகூட அம்மா தவறவில்லை. தொண்டை கட்டிக்கொண்ட ஒரு மாசம் மட்டும் நாத்தனார் வாசித்தார், சந்தைக்குச் சாமான் பட்டியல் படிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாத குரலில். அதுவும் ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. ராணுவம் வந்த வழியே திரும்பிப் போனபோது நாங்கள் எல்லாரும் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். லைன்மேன் திரும்பவில்லை. அவன் அக்காவான அந்த நர்ஸ் ஒவ்வொரு ஜெயில் வாசலிலும் போய் விசாரித்தாள். எங்குமே அவன் பெயர் இல்லை. அம்மா அவளோடு கூடவே போனார், பத்துப் பன்னிரண்டு இடத்துக்கு.

பழைய வீட்டுக்கு அவர்கள் போன அன்று நானும் பெட்டி தூக்கிக்கொண்டு போயிருந்தேன். வாத்தியார் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். வலது மணிக்கட்டு கோணலாக இருந்தது.

"யார் ஒடிச்சாங்க?" என்று நாத்தனார் பதறினார்.

"யாரும் இல்ல. நீ பேசினதைக் கேட்டேன். மறுநாள் படிக்கட்டுல வெச்சு நானே..." மேலே சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தார். "நான் பயந்துட்டேன். பயத்துலதான் எல்லாம் பண்ணினேன்."

"பயந்தது தப்பில்லைங்க," என்றார் அம்மா. "எல்லாரும்தான் பயந்தோம். உங்க பேரைப் போட்டுப் பயந்திருக்கலாம்."

அந்தக் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். அந்த வீட்டில் அவர் தங்கவில்லை. நாத்தனார் மட்டும் வாரம் ஒரு முறை போய் அண்ணனுக்குத் துணி துவைத்துக் கொடுத்துவிட்டு வருவார். அதை அம்மா தடுக்கவும் இல்லை, விசாரிக்கவும் இல்லை.

பழைய பத்திரிகைக்கும் அவர் போகவில்லை. அச்சக ஃபோர்மேனையும் என்னையும் சேர்த்துக்கொண்டு எட்டுப் பக்கத்தில் சொந்தமாக ஒரு வாரப்பத்திரிகை தொடங்கினார். நாத்தனார்தான் வெளியீட்டாளர். சட்டை மடிக்கிற கையால் அவர் பத்திரிகை மடித்தால் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். கையெழுத்துப் பிரச்சினைக்காக அம்மா பழைய டைப்ரைட்டர் ஒன்றை வாங்கி, இரண்டு விரலால் தட்டினார்.

மூன்றாவது இதழ் வந்த வாரம் ஓர் அதிகாரி வந்தார். இந்த முறை நம்முடைய அரசாங்கத்து அதிகாரி. நல்ல மனுஷர்தான், செய்தித் துறை. பேராசிரியர் இப்போது அந்தத் துறைக்கு ஆலோசகர், அவர்தான் அனுப்பியிருந்தார்.

"நாட்டைக் கட்டியெழுப்பற நேரம் அம்மா. நம்ம தளபதியை டெலிபோன் அக்கா ஒரு அத்தியாயத்துல சந்திச்சா நல்லா இருக்கும். ஒரே ஒரு அத்தியாயம்."

அம்மா தட்டுவதை நிறுத்தினார். "தாராளமா வரட்டும். ஆனா கதைக்குள்ள வந்துட்டா, கதைக்கு என்ன தேவையோ அதைத்தான் அவர் செய்வார். நிவாரணக் கம்பளியைக்கூடத் திருடுவார். சம்மதமான்னு கேட்டுட்டு வாங்க."

அவர் கேட்கப் போகவில்லை. அடுத்த வாரக் கதையில் நிவாரணக் கம்பளியைத் திருடிய ஒரு தளபதி வந்தார். அந்த வெள்ளிக்கிழமையே அதிகாரி மறுபடி வந்தார், கையில் அரசாங்க முத்திரை போட்ட ஒரு கடித உறையோடு. அம்மா உள்ளே தட்டிக்கொண்டிருந்தார். வாசல் மேசையில் நாத்தனார் இதழ்களை மடித்துக்கொண்டிருந்தார். உறையை வாங்கிக் கீழே வைத்தார், பிரிக்கவில்லை.

"அண்ணி எழுதிக்கிட்டிருக்காங்க," என்றார். "வியாழக்கிழமை வரும். வாங்கிப் படிச்சுக்குங்க."